பிள்ளையின் இயல்புக்கு ஏற்ற கலைக் கல்லூரி: சேலம், சேர்வராயன் மலைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ முடிவு வந்த அன்று சேலத்தில் எந்த வீட்டிலும் முதலில் எழும் கேள்வி, "இந்த மதிப்பெண்ணுக்கு எங்கே கிடைக்கும்?" என்பதுதான். பொறியியலுக்கு அந்தக் கேள்வி ஓரளவு போதும். கலை, அறிவியல் படிப்புக்குப் போதாது. வகுப்பில் எத்தனை பேர், வாய் திறந்து பேச இடம் உண்டா, நூலகம் எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது, கடைசி பஸ் எப்போது என்பவை எல்லாம் சேர்ந்துதான் அந்த மூன்று ஆண்டுகளைத் தீர்மானிக்கின்றன. நல்ல கல்லூரி என்று ஊரே சொல்லும் இடத்தில் ஒரு பிள்ளை வாடிப்போகலாம்; பேர் தெரியாத கல்லூரியில் இன்னொரு பிள்ளை தழைக்கலாம். ஆகவே கல்லூரியின் சாதாரண நாள் ஒன்று எப்படி நகர்கிறது, நம் பிள்ளை அந்த நாளில் எப்படி இருப்பாள் என்று பார்த்து முடிவெடுங்கள் என்பதே நான் சொல்ல வருவது.

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வழக்கமாக அவர்களுக்குத்தான் இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஆள் இருப்பதில்லை.

முதல் படி: பிள்ளையைக் கவனியுங்கள்

"நீ என்ன ஆகப் போகிறாய்?" என்று பதினேழு வயதுப் பிள்ளையிடம் கேட்டால் யாரோ சொல்லிக்கொடுத்த பதில்தான் வரும். அதற்குப் பதிலாக ஒரு வாரம் அவளுடைய நாளைக் கவனியுங்கள். பிள்ளையே ஒரு நோட்டில் எழுதிவைத்தால் இன்னும் நல்லது. தனியாக உட்கார்ந்தால் பாடம் ஏறுகிறதா, தோழியோடு பேசிப் படித்தால் ஏறுகிறதா? ஆசிரியர் கேள்வி கேட்டதும் கை தூக்குவாளா, வகுப்பு முடிந்த பிறகு மேசையருகே போய் மெதுவாகக் கேட்பாளா? யாரும் சொல்லாமலேயே வேலையை எடுத்துச் செய்வாளா, யாராவது தேதி குறித்துக் கொடுக்க வேண்டுமா? கூட்டம் அவளுக்கு உற்சாகமா, களைப்பா? புத்தகம் படிக்க எந்த மொழி எளிதாக இருக்கிறது, மனத்தில் இருப்பதைச் சொல்ல எந்த மொழி வருகிறது?

இதில் சரி, தவறு என்று ஒன்றுமில்லை. அமைதியான பிள்ளையை "வாய் திறக்க மாட்டேன் என்கிறாளே" என்று குறை சொல்லிச் சொல்லியே, பேசுகிறவர்களுக்கென்று அமைந்த இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வீடுகள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மெதுவாக யோசித்து ஆழமாக எழுதும் பிள்ளைக்கு, எழுத்தைத் திருத்திக் கொடுக்கும் ஆசிரியர் ஒருவர் இருந்தால் போதும்.

வீட்டுக்கு வெளியே இரண்டு பேரிடம் கேளுங்கள். ஒருவர் பள்ளி வகுப்பாசிரியர். மற்றவர் அந்தப் பிள்ளையின் நெருங்கிய நண்பர். பெற்றோர் கண்ணில் படாத ஏதோ ஒன்று இவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டு நிலைமையையும் அதே நோட்டில் எழுதுங்கள். அம்மாபேட்டையில் தறி ஓடும் வீட்டுப் பையன் பாதி நாள் தறியில் கை கொடுக்க வேண்டியிருக்கலாம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் குடும்பத்தில் பண்டிகைக்கு முன் வேலை குவியலாம். இதை மறைத்துவிட்டுக் கல்லூரி தேடினால் இரண்டாம் பருவத்திலேயே வருகைப்பதிவு குறைந்து சிக்கல் வரும்.

இரண்டாம் படி: பாடம் வேறு, கல்லூரி வேறு

இந்த இரண்டையும் ஒரே மூச்சில் முடிவு செய்யாதீர்கள். முதலில் பாடம். நம் பக்கத்துக் கலைக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்பு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. முதல் பகுதி தமிழ் அல்லது வேறொரு மொழி, இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவதில் முதன்மைப் பாடமும் அதனோடு சேர்ந்த துணைப் பாடங்களும், நான்காவதில் திறன் பாடங்களும் வேறு துறையிலிருந்து எடுக்கும் விருப்பப் பாடமும், ஐந்தாவதில் நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற வெளிப்பணிகள். துணைப் பாடத்தையும் விருப்பப் பாடத்தையும் பெரும்பாலோர் பெயருக்கு எடுத்துவிட்டுப் போகிறார்கள். பல திசையில் ஆர்வம் உள்ள பிள்ளைக்கு உயிர்ப்பான பகுதி அதுதான். வரலாறு படிக்கும் பெண் பொருளாதாரத்தைத் துணைப் பாடமாக எடுக்க முடிகிறதா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாடத்தைத் தேடும்போது நம் ஊரையே ஒருமுறை சுற்றிப் பாருங்கள். சேலத்தின் வெள்ளைக்கல் சுரங்கங்களில் மேக்னசைட் கிடைக்கிறது. சேர்வராயன் மலையில் பாக்சைட் இருக்கிறது. கல்லையும் மண்ணையும் பார்த்தால் நின்றுவிடும் பிள்ளைக்கு, சேலம் அரசு கலைக் கல்லூரியில் புவியமைப்பியல் துறை இருப்பதே தெரியாமல் போய்விடுகிறது. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. காப்பித் தோட்டத்துச் செடிகளின் பெயரெல்லாம் சொல்லும் மலைப் பிள்ளை தாவரவியலுக்குப் போனால், வகுப்பில் உள்ள பலருக்கும் முன்னால் நிற்பாள்.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. அரசு வேலையை நினைத்திருக்கும் தமிழ்வழி மாணவர்கள் கவனியுங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2010-இல் வந்த அந்தச் சட்டம் 2020-இல் திருத்தப்பட்டது. பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் வேலைக்கு, பள்ளி முதல் பட்டம் வரை தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ்வழியில் படித்துவிட்டு, கௌரவத்துக்காக ஆங்கிலவழிப் பிரிவில் சேர்ந்தால் பட்டம் கேட்கும் வேலைகளில் அந்த உரிமை போய்விடும். ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தெரிந்து முடிவெடுங்கள்.

மூன்றாம் படி: நம்மைச் சுற்றியுள்ள கல்லூரிகளின் குணம்

சேலத்து அரசு கலைக் கல்லூரியின் வேர் 1857 வரை போகிறது. செர்ரி சாலையில் இருக்கும் இந்தக் கல்லூரியில் துறைகள் அதிகம், மாணவர்கள் அதிகம், சத்தமும் அதிகம். பல ஊர், பல சாதி, பல தொழில் பின்னணி கொண்டவர்களோடு பழக விரும்பும் பிள்ளைக்கு இது நல்ல இடம். யாரும் பின்னால் நின்று விரட்ட மாட்டார்கள். தானே ஆசிரியரைத் தேடிப் போகிறவன் நிறையப் பெறுவான். கோரிமேட்டில் அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது. பெண்கள் மட்டுமே உள்ள வகுப்பில் தயக்கம் கழன்று பேசத் தொடங்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு அது பொருந்தும். ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் உள்ள ஸ்ரீ சாரதா மகளிர் கல்லூரி ஒழுங்குக்குப் பேர்போனது. நேரமும் விதியும் தெளிவாக இருந்தால் நிம்மதியாக உணரும் பிள்ளைக்கு அப்படிப்பட்ட இடம் துணை செய்யும். கட்டுப்பாட்டைக் கண்டால் மூச்சு முட்டும் பிள்ளைக்கு மூன்று ஆண்டுகளும் கசக்கும்.

ஆத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு வடசென்னிமலையில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும், ராசிபுரம் பக்கம் திருவள்ளுவர் அரசு கலைக் கல்லூரியும் உண்டு. நகரத்தை விடச் சிறிய இடத்தில் ஆசிரியர்கள் பெயர் சொல்லி அழைப்பார்கள். கூட்டத்தில் தொலைந்துபோகும் பிள்ளைக்கு அது பெரிய வரம். சுயநிதிக் கல்லூரிகள் சுற்றிலும் ஏராளம். அவற்றுள் தரமானவையும் உண்டு, கட்டடம் மட்டும் பளபளப்பவையும் உண்டு. நேரில் போகாமல் முடிவு செய்யாதீர்கள்.

சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகள் 1997-இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் கல்லூரியே வகுக்கும், பட்டம் பல்கலைக்கழகத்துடையது. அங்கே அகமதிப்பீட்டை, அதாவது கல்லூரிக்குள்ளேயே ஆசிரியர்கள் போடும் மதிப்பெண்ணை, அவர்கள் எவ்வளவு அக்கறையாக நடத்துகிறார்கள் என்பது முக்கியம். தேர்வு மண்டபத்தில் பதறும், ஆனால் ஆண்டு முழுக்கச் சீராக வேலை செய்யும் பிள்ளைக்கு, கட்டுரையும் கருத்தரங்கும் உண்மையாக நடக்கும் கல்லூரி கை கொடுக்கும்.

அரசுக் கல்லூரிகளில் காலை, மாலை என இரண்டு ஷிப்ட் நடக்கும் துறைகள் உண்டு. தறிக்கும் பட்டறைக்கும் கை கொடுக்க வேண்டிய பையன் ஷிப்டைத் தெரிந்துகொண்டு விண்ணப்பிக்க வேண்டும்.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் தரும் மதிப்பீடு, மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை ஆகியவற்றைப் பாருங்கள். ஆனால் அவை கல்லூரி முழுவதற்குமான மதிப்பீடு. உங்கள் பிள்ளை உட்காரப்போவது ஒரு துறையில். அந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர், காலியிடம் எத்தனை என்று கேட்டால் தரவரிசை சொல்லாதது தெரியவரும்.

நான்காம் படி: மலையிலிருந்து இறங்கும் பிள்ளைகள்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அது ஏற்காடு டவுனிலிருந்து. நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் டவுனுக்கு வரவே தனி நேரம் வேண்டும். மழைக்காலத்தில் மலைச்சாலையில் மண் சரிந்தால் அன்றைய வகுப்பு போனது போனதுதான். ஆகவே தினமும் ஏறி இறங்கி மூன்று ஆண்டுகள் படித்துவிடலாம் என்ற கணக்கை ஜூன் மாத வெயிலில் போடாதீர்கள். நவம்பர் மழையையும் பனிமூட்டத்தையும் நினைத்துப் போடுங்கள். பஸ்ஸில் தலைசுற்றி வாந்தி வரும் பிள்ளை என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

விடுதிதான் வழி. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைகள் நடத்தும் அரசு கல்லூரி விடுதிகளில் தங்குமிடமும் உணவும் இலவசம். 2025 முதல் இவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர். கல்லூரி கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். சேர்க்கை நடக்கும் நாட்களிலேயே எந்த விடுதியில் இடம் இருக்கிறது, கல்லூரியிலிருந்து எவ்வளவு தூரம் என்று நேரில் போய்ப் பாருங்கள். சமையலறை, கழிப்பறை, இரவு விளக்கு, விடுதிக் காப்பாளர் அங்கேயே தங்குகிறாரா என்பது வரை பாருங்கள். பெண் பிள்ளை என்றால் அம்மாவும் கூடப் போக வேண்டும்.

மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பழங்குடியினர் சாதிச் சான்றிதழை வழங்குபவர் வருவாய்க் கோட்டாட்சியர். தாசில்தார் அலுவலகத்தில் மற்றவர்கள் பெறுவதைப் போல விரைவில் கைக்கு வராது; விசாரணை உண்டு. பிளஸ் டூ தொடங்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். சான்றிதழ் இல்லாததால் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளை பொதுப் பட்டியலில் நிற்பதைப் போலக் கொடுமை வேறில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலையில் வளர்ந்த பிள்ளைக்கு நகரத்தின் இரைச்சல் முதல் சில மாதங்கள் பாரமாக இருக்கும். இது குறையல்ல. கல்லூரி தேர்ந்தெடுக்கும்போதே, அதே ஊரிலிருந்து வந்த மூத்த மாணவி ஒருத்தி அங்கே இருக்கிறாளா என்று விசாரியுங்கள். தெரிந்த முகம் ஒன்று இருந்தாலே பாதிப் பிள்ளைகள் பாதியில் ஊர் திரும்ப மாட்டார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஐந்தாம் படி: சாதாரண நாளில் போய்ப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஆண்டு விழாவுக்கோ சேர்க்கை நாளுக்கோ போகாதீர்கள். பிளஸ் ஒன் விடுமுறையிலோ, பிளஸ் டூ ஆண்டில் பள்ளி விடுமுறை விட்டுக் கல்லூரி நடக்கும் ஒரு நாளிலோ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். வாயிற்காவலரிடம், "அடுத்த ஆண்டு சேரப்போகிற பிள்ளை, துறையைப் பார்க்க வந்தோம்" என்று சொல்லுங்கள். விடாவிட்டால் அலுவலகத்தில் கேட்டு இன்னொரு நாள் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் நூலகம். புத்தகம் எத்தனை ஆயிரம் என்று கேட்பதில் பயனில்லை. மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்களா, கடன் பதிவேட்டில் இந்த மாதம் தேதி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பூட்டிய கண்ணாடி அலமாரிகள் வரிசையாக நின்றால், தனியாகப் படித்து வளரும் பிள்ளைக்கு அந்த இடம் தீனி போடாது. அப்படியிருந்தும் அங்கேதான் சேர வேண்டியிருந்தால், மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள்.

பிறகு அறிவிப்புப் பலகை. அதில் தேர்வுக் கட்டண அறிவிப்பு மட்டும் இருக்கிறதா? வெளியிலிருந்து யாராவது பேச வருகிறார்களா? நாடகம், விவாத மேடை, கையெழுத்து இதழ், களப்பயணம் என்று ஏதாவது ஒட்டியிருக்கிறதா? தேதி பழையதா, புதியதா? பேச்சும் மேடையும் தேவைப்படும் பிள்ளைக்கு இந்தப் பலகை ஒன்றே போதுமான பதில்.

அடுத்து மூன்றாம் ஆண்டு மாணவர்கள். முதலாண்டு மாணவர்களிடம் கேட்டால் புதுமோகத்தில் பேசுவார்கள். மூன்றாம் ஆண்டுக்காரர்களைத் தேநீர்க் கடையிலோ மரத்தடியிலோ பிடியுங்கள். "கல்லூரி நல்லதா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் "நல்லதுதான்" என்பார்கள். இப்படிக் கேளுங்கள்: போன வாரம் எத்தனை வகுப்பு நடக்கவில்லை? நீங்கள் எழுதிய கட்டுரை ஒன்றை ஆசிரியர் திருத்திக் கடைசியாக எப்போது கொடுத்தார்? பாடத்துக்கு வெளியே என்ன படித்தீர்கள், யார் சொல்லிப் படித்தீர்கள்? அரியர் வைத்தவருக்கு யார் உதவினார்கள்? மறுபடி சேரச் சொன்னால் இதே துறையில் சேர்வீர்களா? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது முகத்தைப் பாருங்கள்.

துறைத் தலைவரைப் பார்க்க முடிந்தால் பிள்ளையைப் பேச விடுங்கள். பெற்றோர் குறுக்கே விழ வேண்டாம். ஒரு பதினேழு வயதுப் பிள்ளை தடுமாறிக் கேட்கும் கேள்விக்கு அவர் பொறுமையாகப் பதில் சொல்கிறாரா என்பதில் அந்தத் துறையின் மூன்று ஆண்டுகளும் தெரியும்.

தண்ணீர், கழிப்பறை, மாதவிடாய் நாட்களுக்கான வசதி, மாற்றுத்திறனாளிப் பிள்ளை என்றால் சாய்தளமும் மின்தூக்கியும்: இவற்றைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

வெளியே வந்ததும் பிள்ளையிடம், "பிடித்ததா?" என்று உடனே கேட்காமல், "எந்த இடத்தில் உனக்கு உட்காரத் தோன்றியது?" என்று கேளுங்கள். பதிலை அன்றைக்கே நோட்டில் எழுதுங்கள்.

ஆறாம் படி: சேலத்துக்கு வெளியே போகலாமா?

அண்மைக் காலத்தில் லிபரல் ஆர்ட்ஸ் என்ற பெயரில் நடக்கும் பல்கலைக்கழகங்களைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஹரியானாவில் அசோகா, சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லையில் ஸ்ரீசிட்டியில் கிரியா, பெங்களூரில் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் ஆகியவை அப்படிப்பட்டவை. முதல் ஆண்டில் பல துறைப் பாடங்களை எடுத்துப் பார்த்த பிறகு முதன்மைப் பாடத்தை உறுதிசெய்யும் முறை இவற்றில் பொதுவாக உண்டு. அமெரிக்கச் சிறு கல்லூரிகளில் நெடுங்காலமாக இருக்கும் வழக்கம் இது. வகுப்பில் விவாதம், வாராவாரம் எழுத்து வேலை, ஏறக்குறைய எல்லாம் ஆங்கிலத்தில். எதையும் கேள்வி கேட்கும், ஒரே பாடத்தில் அடங்காத, வீட்டை விட்டுத் தள்ளியிருக்கத் துணியும் பிள்ளைக்கு இது பொருந்தும். கட்டணம் லட்சங்களில் என்று கேட்டதும் விட்டுவிடாதீர்கள். குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கும் ஏற்பாடு இவற்றில் இருக்கிறது. விண்ணப்பம் பிளஸ் டூ தேர்வுக்கு முன்பே தொடங்கிவிடும், கட்டுரையும் நேர்காணலும் உண்டு. முடிவு வந்த பிறகு தேடினால் காலம் கடந்திருக்கும்.

அவ்வளவு தூரம் போகாமலும் பரந்த கல்வி கிடைக்கும். 1837-இல் வேர்விட்ட தாம்பரம் கிறித்தவக் கல்லூரி, 1881-இல் தொடங்கிய மதுரை அமெரிக்கன் கல்லூரி போன்ற இடங்களில் மரங்களும் விடுதி வாழ்க்கையும் மாணவர் மன்றங்களும் சேர்ந்தே பாடம் நடத்துகின்றன. கிராமப் பணியில் மனம் செல்லும் பிள்ளைக்குத் திண்டுக்கல் அருகே காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. திருவாரூரில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு சி.யு.இ.டி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

வெளியூர் வேண்டாம் என்று பிள்ளையே சொன்னால், அதைப் பயம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுச் சோறும் பழகிய தெருவும் இருந்தால்தான் சிலருக்குப் படிப்பில் மனம் நிற்கும்.

ஏழாம் படி: விண்ணப்பம்

அரசு கலை அறிவியல் கல்லூரிகள் அனைத்துக்கும் டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. (TNGASA) என்ற ஒரே இணையதளம். கணினி இல்லாதவர்கள் அரசுக் கல்லூரிகளில் உள்ள உதவி மையத்துக்குப் போகலாம். மொழிப் பாடங்கள் நீங்கலான நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணுக்குப் பொதுத் தரவரிசை, பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண். மொத்த மதிப்பெண் குறைந்து தமிழில் மட்டும் சிறந்த பிள்ளைக்கு இது பெரிய கதவு. மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் படைவீரர் பிள்ளைகள், என்.சி.சி. மாணவர்கள் ஆகியோருக்குச் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு முதலில் நடக்கும், நாளைத் தவறவிடாதீர்கள்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1000 ரூபாய் வழங்கப்படுகிறது. அந்தப் பணம் பிள்ளையின் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் உரியது.

எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் திருப்பிக் கேளுங்கள். கல்லூரிகள் அசல்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. எல்லாவற்றையும் நகலெடுத்து ஒரு பையில் வையுங்கள்.

சேர்ந்த பிறகு

முதல் மாதத்து அழுகையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஆனால் பாடமே பொருந்தவில்லை என்று பிள்ளை திரும்பத் திரும்பச் சொன்னால், சேர்க்கை முடியும் முன்பே துறை மாற இடம் இருக்கிறதா என்று முதல்வர் அலுவலகத்தில் கேளுங்கள். காலியிடம் இருந்தால் மாற்றித் தருவார்கள். தாமதித்தால் அந்த ஆண்டு முழுவதும் அதே வகுப்பில்தான். பாடம் பிடித்து, கல்லூரிச் சூழல் மட்டும் ஒட்டவில்லை என்றால் வேறு வழி உண்டு: நாட்டு நலப்பணித் திட்டத்திலோ என்.சி.சி.யிலோ நூலகத்திலோ பிள்ளைக்கு ஏற்ற ஒரு சிறு வட்டத்தைத் தேடிச் சேரச் சொல்லுங்கள். அந்த நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். முதுநிலைக்குக் கல்லூரி தேடும்போதும், தம்பி தங்கைகளுக்குத் தேடும்போதும் அதே கேள்விகள் மறுபடி தேவைப்படும்.